யானைகள் கடக்கும் மலைச்சாலை



வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் பாடநூலில் மலேசியத் தீபகற்பத்தின் வரைபடம் ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சம் எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே நெகிரி செம்பிலான் வரையில் முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர் நீண்டு கிடப்பதைக் காணலாம். அதுதான் தித்திவங்சா மலைத்தொடர். அதற்கு மேற்கே பேராக் மாநிலம். கிழக்கே கிளந்தான் மாநிலம். வடகோடியில் இந்த மலைத்தொடரைக் குறுக்கே கடந்து செல்லும் சாலை ஒன்றும் படத்தில் தெரியும். பேராக்கில் கிரிக் பட்டணத்தில் தொடங்கி, ஒரு பெரிய ஏரியைப் பாலங்களின் வழியே தாண்டி, மலை உச்சிக்கு ஏறி, மறுபுறம் இறங்கி, கிளந்தானின் ஜெலியில் போய் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை என்பது அதன் பெயர். இன்று நாம் அந்தச் சாலையில் ஒரு பகற்பொழுது பயணம் செய்வோம். பகற்பொழுது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு; அதைப் பிறகு சொல்கிறோம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காட்டைப் பற்றி என்ன சொல்லித் தரப் போகிறீர்கள் என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. காட்டை வெட்டி, எரித்து, ரப்பர் கன்று நட்டவர்கள் நம் பாட்டன்மார். ஆனால் அவர்கள் கண்ட காட்டை நம் பிள்ளைகள் கண்டதில்லை. பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் காடு ஒன்றை வரையுங்கள் என்றோம். முக்கால்வாசிப் பேர் மரங்களை நிரை பிடித்து, சரியான இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வரைந்து தந்தார்கள்! அவர்கள் மேல் குற்றமில்லை. வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை நிரைதானே தெரிகிறது? ஒரு ஹெக்டர் மழைக்காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மர வகைகள் உண்டு என்று வகுப்பில் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், மனத்தில் பதியாது. ஆகவே, ஒரு பள்ளி விடுமுறையில் பெற்றோர் சிலரையும் பிள்ளைகளையும் இரண்டு வேன்களில் ஏற்றிக்கொண்டு இந்தச் சாலைக்குப் புறப்பட்டோம்.

கிரிக் போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. கெடா, பினாங்குப் பக்கத்தார் பாலிங் வழியாக வரலாம். பேராக், சிலாங்கூர்ப் பக்கத்தார் கோலகங்சாரில் வடக்கே திரும்பி, லெங்கோங் வழியாக வரவேண்டும். பார்ப்பதற்கு நல்லது இந்த இரண்டாவது வழியே. சாலையை ஒட்டியே ராபான் ஏரி விரிந்து கிடக்கும். லெங்கோங் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கை 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே சாலையோரக் கடைகளில் ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்து ஊறவைத்த பெக்காசாம் விற்பார்கள். கருவாட்டுப் பிரியர்களுக்குப் பிடிக்கும்; மற்றவர்கள் வாங்கும் முன் முகர்ந்து பார்ப்பது நல்லது.

கிரிக்கில் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதை விட்டால் வழியில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. குடிதண்ணீர், கட்டுச்சோறு, மழைக்கு ஒரு குடை, மேலே குளிருக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை ஆகியவற்றையும் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கைப்பேசியும் வேலை செய்யாது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை கிரிக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குத் தரைவழியாகப் போக வேண்டுமானால் தெற்கே கோலாலம்பூருக்கு வந்து, கிழக்கே குவாந்தானுக்குப் போய், அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே ஏற வேண்டும். நாட்டையே பாதி சுற்றுவது போன்ற பயணம். குறுக்குச் சாலை போடும் வேலை 1970ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போது எல்லைக் காடுகள் கம்யூனிஸ்டுகளின் மறைவிடமாக இருந்தன. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் தாக்குதல் பயம். இராணுவத்தினர் துப்பாக்கியுடன் காவல் நிற்க, அதன் நடுவே தொழிலாளர்கள் பாறையை உடைத்தார்கள். வேலை முடிந்து 1982இல் சாலை திறக்கப்பட்டது. திறந்த பிறகும் சில காலம் இரவில் போக்குவரத்தை அனுமதிக்கவில்லை. 1989 டிசம்பரில் ஹாட்ஞாயில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே அந்தப் பயம் முற்றாக நீங்கியது. இன்று காய்கறி லோரியும் விரைவுப் பேருந்தும் இரவு பகலாக ஓடுகின்றன.

மனிதர்கள் நுழைய அஞ்சியதால் அத்தனை ஆண்டுகள் அந்தக் காட்டில் மரம் வெட்டுவோரும் அதிகம் நுழையவில்லை. சண்டையால் காடு பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

கிரிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் போனதும் திடீரென்று இருபுறமும் தண்ணீர் தெரியும். அதுதான் தெமெங்கோர் ஏரி. நடுவே பண்டிங் என்ற தீவு. அதன் இருபக்கமும் பாலங்கள். இது இயற்கையாக உண்டான ஏரியல்ல. 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காகவும் வெள்ளத்தைத் தடுப்பதற்காகவும் அணை கட்டியபோது பள்ளத்தாக்குகளில் நீர் நிரம்பி உண்டானது. பரப்பு ஏறத்தாழ 15,200 ஹெக்டர். தீபகற்ப மலேசியாவில் கென்யீர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. கரையோரத்தில் நீருக்குள்ளிருந்து பட்டமரங்கள் எலும்பு போல நிமிர்ந்து நிற்கின்றன. அவை மூழ்கிப்போன காட்டின் மரங்கள். அணையைத் தாண்டும் தண்ணீர் பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்ற மூன்று அணைகளையும் தாண்டி, கோலகங்சார் வழியாகத் தெலுக் இந்தான் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. பேராக் ஆற்றோரத் தோட்டங்களில் இருப்பவர்கள் தினமும் பார்க்கும் தண்ணீர் இங்கிருந்து வருவதுதான்.

மூழ்கியது மரங்கள் மட்டுமல்ல. ஆற்றோரத்தில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகளும், அவர்கள் பயிரிட்ட நிலங்களும், முன்னோரைப் புதைத்த இடங்களும் நீருக்கடியில் போயின. ஜஹாய், தெமியார் என்ற இரு இனத்தார் இங்கே வாழ்கின்றனர். ஜஹாய் மக்கள் வடபக்கத்திலும், தெமியார் மக்கள் தென்பக்கத்திலும் மிகுதியாக உள்ளனர். தோட்டம் துண்டாடப்பட்டு, லயன் வீட்டை விட்டு வெளியேறிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டல்லவா? அவர்களுடைய கதையைக் கேட்டபோது நம்முடன் வந்த பெரியவர்கள் நெடுநேரம் பேசவில்லை. அவர்களுடைய கிராமத்துக்குப் போக நேர்ந்தால் அனுமதி கேட்டுப் போங்கள். குழந்தைகளைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் தெரிவது ரோயல் பெலும் பூங்கா. இதனைப் பலர் தேசியப் பூங்கா என்று சொல்வார்கள். சட்டப்படி இது மாநிலப் பூங்கா. நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றி, 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கின; அதுவே இன்றைய தாமான் நெகாரா. பெலும் காட்டைப் பேராக் அரசு 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 117,500 ஹெக்டர். நமக்குப் பழக்கமான ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம். சிங்கப்பூரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வடக்கே அது தாய்லாந்துக் காட்டோடு சேர்ந்து கிடக்கிறது. யானைக்குக் கடப்பிதழ் தேவையில்லை. தெற்கே இருப்பது தெமெங்கோர் ஒதுக்குக் காடு. அங்கே மரம் வெட்ட அனுமதி உண்டு. மரக்கட்டை ஏற்றிய லோரிகள் எதிரே வருவதை நீங்களே பார்க்கலாம். இந்த இரண்டு காடுகளின் நடுவேதான் நாம் போகும் சாலை ஓடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்குள் சாலை கிடையாது. பண்டிங் படகுத்துறையிலிருந்து படகில்தான் போக முடியும். முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அடையாள அட்டை விவரம் கேட்பார்கள். வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். ஏற்பாடுகளைப் படகுக்காரர்களே செய்து தருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனால் செலவு பங்காகும். எங்களுடன் வந்தவர்களில் நீந்தத் தெரிந்தவர் யாருமில்லை. உயிர்காப்புச் சட்டை அணியாமல் படகில் ஒரு பிள்ளையையும் ஏற்றக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். நீங்களும் அப்படியே இருங்கள்.

உள்ளே காண வேண்டியவற்றில் ஒன்று சிரா. சில இடங்களில் இதை ஜெனுட் என்றும் சொல்வார்கள். மண்ணிலிருந்து உப்பும் தாதுப்பொருளும் கலந்த நீர் கசியும் சேற்றிடம் அது. இலை, தழை தின்னும் விலங்குகளுக்கு உணவில் போதிய உப்பு கிடைப்பதில்லை. மாட்டுக்கு நாம் உப்பு வைக்கிறோமே, அந்தத் தேவைதான். யானை, தாபிர், கடமான், செலாடாங் எனப்படும் காட்டெருது எல்லாம் இரவில் அங்கே வந்து சேற்றை நக்கிவிட்டுப் போகும். பகலில் போகும் நாம் விலங்கைப் பார்ப்பது அரிது. ஆனால் காலடித் தடங்களைப் பார்க்கலாம். மாடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் குனிந்து பார்த்து, பிளவுபட்ட குளம்பு மானுடையது, மூன்று விரல் தடம் வேறு ஏதோ ஒன்று என்றான். வழிகாட்டி வியந்துபோனார். அது தாபிரின் பின்னங்கால் தடம்.

ராஃப்லீசியா என்ற பெரும் பூவும் இங்கே உண்டு. அதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. ஒரு காட்டுக்கொடியின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, மொட்டு மட்டும் வெளியே வரும். மொட்டு விரியப் பல மாதங்கள் ஆகும். விரிந்த பூ ஒரு வாரத்தில் அழுகிவிடும். ஆகவே, பூ இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். நாங்கள் போனபோது இல்லை.

பறவைகளில் இருவாட்சியைச் சொல்லாமல் விட முடியாது. மலாயில் எங்காங் என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாட்சிகளும் பெலும் தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவு ஒன்றுதான் திறந்திருக்கும். ஆண் பறவை அதன் வழியே மாதக்கணக்கில் பழம் ஊட்டும். ஆணை யாராவது சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினிதான். பொந்து விழும் அளவுக்குப் பருத்த மரம் வேண்டும். அத்தகைய மரங்களே மரம் வெட்டுவோரின் கண்ணிலும் முதலில் படுகின்றன. ஒரு வகை இருவாட்சிகள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக ஏரிக்கு மேல் பறந்து போவதுண்டு. சிறகடிக்கும் ஓசை நீராவி இரயில் வண்டி மூச்சு விடுவது போல இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி யானைக்கு வருவோம். தோட்டத்து மக்களுக்கும் யானைக்கும் உள்ள வழக்கு பழைய வழக்கு. மறுநடவு செய்த நிலத்தில் இளம் செம்பனைகளை ஒரே இரவில் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போன கதையைக் கேளாதவர் நம்மில் குறைவு. தகரம் தட்டியும் பட்டாசு கொளுத்தியும் இராக்காவல் காத்தவர்கள்கூட இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். முன்னாளில் அப்படி வந்த யானைகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1974ஆம் ஆண்டில் வனவிலங்குத் துறை, யானைகளைப் பிடித்து இடம் மாற்றுவதற்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. மயக்க ஊசியைத் துப்பாக்கியால் செலுத்துவார்கள். பிறகு பழக்கிய யானைகளை இருபுறமும் அணைத்து நிற்கச் செய்து, லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பெருங்காட்டில் விடுவார்கள். இப்படி இடம் மாறிய யானைகள் நூற்றுக்கணக்கானவை. அவற்றை விட்ட காடுகளில் முக்கியமானவை மூன்று: தாமான் நெகாரா, திரங்கானுவின் கென்யீர்ப் பகுதி, பேராக்கின் பெலும் காடு. நம் தோட்டத்து எல்லையில் பிடிபட்ட யானையோ, அதன் கன்றோ இன்று இந்தச் சாலையோரத்தில் நின்று புல் தின்றுகொண்டிருக்கலாம்.

அவ்வளவு பெரிய காடு இருக்க, யானை ஏன் சாலைக்கு வருகிறது? பலரும் கேட்கும் கேள்வி இது. பெருங்காட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே இலைக்கூரை மூடியிருக்கும். வெயில் தரைக்கு வராது. ஆகவே தரையில் புல் இல்லை. யானைக்கு எட்டும் உயரத்தில் தழையும் குறைவு. ஒரு பெரிய யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். சாலை போடும்போது இருபுறமும் மரங்களை அகற்றி விடுகிறார்கள். வெயில் விழுகிறது. புல்லும், மூங்கிலும், காட்டு வாழையும் அடர்ந்து வளர்கின்றன. மறுநடவு செய்த நிலத்தில் பெரிய மரங்கள் போய் வெளிச்சம் விழுந்ததும் பசுங்கொடியும் களையும் மளமளவென்று கிளம்புவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே காரணம்தான். யானையின் கண்ணுக்கு இந்தச் சாலை 120 கிலோமீட்டர் நீளமுள்ள சோற்றுப் பந்தி.

ஆராய்ச்சியாளர்கள் யானைகளின் கழுத்தில் துணைக்கோள் வழியே இடம் காட்டும் பட்டையைக் கட்டி, அவை எங்கே போகின்றன, எப்போது சாலையைக் கடக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வு 2018இல் வெளியானது. யானைகள் சாலையோரத்துக்கு விரும்பி வருகின்றன. ஆனால் கடக்கத் தயங்குகின்றன. சாலை இல்லாதிருந்தால் அப்பால் போயிருக்கக்கூடிய நடமாட்டம் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்துவிட்டது. கடந்தவையும் ஐந்தில் நான்கு பங்கு இரவில்தான் கடந்திருக்கின்றன. வடகாட்டையும் தென்காட்டையும் சாலை பிரிக்கிறது என்று முன்பு சொன்னோம் அல்லவா? அதன் விளைவு இது. இதற்காகவே கிரிக் பகுதியில் ஓரிடத்தில் சாலையைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மேலே வண்டிகள் போகும். கீழே விலங்குகள் போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 120 கிலோமீட்டரில் அது ஓரிடம். மற்ற இடங்களில் யானை நாம் போகும் தார்ச்சாலையில்தான் நடக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி, விடியற்காலை இருட்டில், கிரிக் அருகே சாலையைக் கடந்த யானைக்கன்று ஒன்று லோரியில் அடிபட்டு, அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை கன்றை விட்டுப் போகவில்லை. லோரியின் மேல் தலையை வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. அந்தப் படத்தை நாடே பார்த்துக் கலங்கியது. அன்று அன்னையர் தினமும்கூட. பெண் யானை கன்றை ஏறத்தாழ 22 மாதங்கள் வயிற்றில் சுமக்கிறது. ஒரு கன்றுக்கும் மறு கன்றுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். காட்டில் ஒரு கன்று போனால் அந்த இடம் நிரம்ப அவ்வளவு காலம் வேண்டும்.

அதே ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, நள்ளிரவுக்குப் பிறகு, இதே நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். அதில் யானை சம்பந்தப்படவில்லை. வளைவும் இறக்கமும் மிகுந்த, விளக்கில்லாத மலைச்சாலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லவே இதனை நினைவூட்டுகிறோம். பகலில் போங்கள் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதற்கான காரணங்கள் இவை.

பகலிலும் யானை வரலாம். நாங்கள் பண்டிங்கைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது, புல்மேட்டில் மூன்று யானைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று கன்று. எங்கள் வேன் ஓட்டுநர் அனுபவசாலி. நெடுந்தூரத்திலேயே வேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார். உடன் வந்திருந்த பாட்டி ஒருவர் கைகூப்பி, "பிள்ளையாரப்பா" என்று முணுமுணுத்தார். அதற்குள் பின்னால் வந்த கார் ஒன்று பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. பெரிய யானை சட்டென்று திரும்பிக் காதுகளை விரித்தது. கன்று அதன் கால்களுக்கிடையே ஒதுங்கியது. எங்கள் ஓட்டுநர் வேனை மெல்லப் பின்னால் எடுத்தார். காரும் வேறு வழியின்றிப் பின்வாங்கியது. சற்று நேரத்தில் மூன்றும் சாலையைக் கடந்து மூங்கில் புதருக்குள் மறைந்தன. இருபது பிள்ளைகள் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்!

அந்த ஓட்டுநர் செய்தது முற்றிலும் சரி. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது. இருட்டாக இருந்தால் பெரிய விளக்கைப் போட்டு அதன் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. வண்டியை விட்டு இறங்கவே கூடாது. தாய்க்கும் கன்றுக்கும் இடையே வண்டியை நுழைப்பது பேராபத்து. வாழைப்பழம் எறிவதும் தீங்கே. வண்டி நின்றால் தின்பண்டம் வரும் என்று பழகிய யானை அடுத்த வண்டியின் எதிரே வந்து நிற்கும். குரங்குகளுக்கும் இது பொருந்தும். மஞ்சள் பலகையில் யானைப் படம் போட்ட இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். அந்தப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவையல்ல.

புலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியுள்ளன. பெலும் தெமெங்கோர் காடு அவற்றின் முக்கியமான மூன்று இருப்பிடங்களில் ஒன்று. நீங்கள் புலியைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் புலியைக் கொல்லும் பொருளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கம்பிக் கண்ணி. திருட்டு வேட்டைக்காரர்கள் அதைக் காட்டுக்குள் நூற்றுக்கணக்கில் வைக்கிறார்கள். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: தோட்டத்து ஓரங்களில் காட்டுப்பன்றிக்கென்று நம்மவர்களும் வைப்பதுண்டு. கண்ணிக்குப் பன்றி என்றும் புலி என்றும் தெரியாது. தாபிர் சிக்கும், யானைக்கன்றின் கால் சிக்கும். கால் அழுகி, நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். தண்டனை கடுமையானது. பன்றித் தொல்லை உண்மைதான். அதற்கு நிர்வாகத்தின் மூலம் வனவிலங்குத் துறையிடம் முறையிடுவதே வழி.

ஏரியைத் தாண்டியபின் சாலை ஏறிக்கொண்டே போகும். பேராக், கிளந்தான் எல்லையில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஓய்வெடுக்கும் இடம் ஒன்று உண்டு. காலையில் போனால் பள்ளத்தாக்கு முழுவதும் பஞ்சைக் கொட்டியது போல மூடுபனி கிடக்கும். கட்டுச்சோற்றை அங்கே பிரிக்கலாம். குப்பையைப் பையில் கட்டி வண்டியில் வையுங்கள். கீழே போட்டால் இரவில் விலங்குகள் கிளறும். பிளாஸ்டிக் பையைத் தின்று மாண்ட விலங்குகள் பல.

அங்கிருந்து ஜெலி வரை இறக்கம்தான். சிறிய கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மழைக்காலத்தில், சிறப்பாக நவம்பர், டிசம்பர் மாதங்களில், மண்சரிவு ஏற்படலாம். புறப்படும் முன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெலியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கால் வலிக்கு இதமாக இருக்கும். கோத்தா பாருவுக்குப் போகிறவர்கள் தானா மேரா வழியாகப் போகலாம். அன்றே திரும்புகிறவர்கள் மூன்று மணிக்குள் ஜெலியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அப்போதுதான் இருட்டும் முன் கிரிக் வந்து சேர முடியும். தாமதமாகிவிட்டால் ஜெலியிலேயே தங்கிவிட்டு, விடிந்தபின் புறப்படுங்கள்.